ஃபார்மட் போடுவதற்கு முன்

கணினி திடீரென்று நீலத் திரை காட்டி நின்றுபோகிறது, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது என்று சொன்னால், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில், "ஃபார்மட் போட்டுருவோம்." வாடிப்பட்டி போன்ற ஊரில் ஒரு டிடிபி கடையோ இ-சேவை மையமோ கல்யாண ஆல்பம் செய்யும் ஸ்டூடியோவோ இந்தப் பதிலைக் கேட்டு, இருப்பதையெல்லாம் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு ஒப்புக்கொள்கிறது. விண்டோஸ் புதிதாக ஏறுகிறது. இரண்டு நாள் ஒழுங்காக ஓடுகிறது. மூன்றாம் நாள், முகூர்த்தப் பத்திரிகை பிரிண்டுக்குப் போகிற நேரத்தில், மறுபடியும் நீலத் திரை.

இப்படித் திரும்பி வரும் தொல்லைக்குக் காரணம் ரேம் என்ற தற்காலிக நினைவகமாக இருக்கலாம். அதைச் சோதிக்காமல் ஃபார்மட் போடுவது வீண்வேலை மட்டுமல்ல, கெடுதலும்கூட. விண்டோஸை நிறுவும்போது அதன் ஒவ்வொரு கோப்பும் ரேமில் விரிந்து, அதன்பிறகுதான் ஹார்ட் டிஸ்கில் எழுதப்படுகிறது. ரேம் பழுதாக இருந்தால் புது விண்டோஸும் பழுதோடு டிஸ்கில் இறங்கக்கூடும். அதுவரை ரேமில் மட்டும் இருந்த நோய், அப்போதுதான் நிரந்தரமாக டிஸ்கில் குடியேறுகிறது. வாடிக்கையாளரின் படங்களையும் கணக்குகளையும் பென் டிரைவுக்கு மாற்றினோமே, அவையும் அதே ரேம் வழியாகத்தான் போயின.

ரேம் ஏன் தவறு செய்கிறது என்று புரிந்துகொள்ள அதன் ஒரு செல்லைப் பார்த்தால் போதும். 1966-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் கண்ட யோசனை, 1968-இல் காப்புரிமை பெற்றது. ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மிகச் சிறிய கெபாசிட்டர், அவ்வளவுதான் ஒரு செல். கெபாசிட்டரில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. 1970-இல் இன்டெல் வெளியிட்ட 1103 என்ற சில்லு மின்னூட்டத்தில் தகவலைத் தேக்கும் நினைவகத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு சில்லில் 1,024 பிட். இன்று ஒரு சாதாரண 8 ஜிபி ரேமில் சுமார் 6,870 கோடி செல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் தேங்கி நிற்பது சில பத்தாயிரம் எலக்ட்ரான்கள்.

தேங்கியது கசியும். பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதை வாடிப்பட்டிப் பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வயல் காய்வதற்குள் அடுத்த முறை வந்துவிட வேண்டும். ரேமிலும் அதேதான் நடக்கிறது. டிடிஆர்4 வகை ரேமில் 64 மில்லிசெகண்டுக்குள் எல்லா வரிசைகளுக்கும் ஒரு முறை வந்தாக வேண்டும். அதற்காக நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று சுமார் 7.8 மைக்ரோசெகண்டுக்கு ஒரு தடவை ஒரு பகுதியைப் படித்து, படித்ததையே திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறது. கணினியில் நாம் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. எங்கோ ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட வேகமாகக் கசிந்தால், அதன் முறை வருவதற்குள் அது வறண்டுவிடும். 1 என்று எழுதியது 0 என்று படிக்கப்படும். கணினிக்கு அது தவறு என்றே தெரியாது.

சூடு ஏறினால் கசிவும் ஏறும். அதனால்தான் சில்லின் வெப்பநிலை 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் 64 மில்லிசெகண்டைப் பாதியாக்கி, 32 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை முறை வைக்க வேண்டும் என்பது விதி. சித்திரை, வைகாசியில் மதுரைச் சமவெளி 40 டிகிரியைத் தொடும். அறையே அந்தச் சூட்டில் இருக்க, ஃபேனில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்க, மெத்தைமேல் வைத்த லேப்டாப்பின் உள்ளே என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனாலும் எல்லாப் பழியையும் வெயில்மேல் போடுவது சரியல்ல. கூகுளின் சர்வர்களை இரண்டரை ஆண்டு கவனித்து 2009-இல் ஆய்வாளர் பியாங்கா ஷ்ரோடரும் கூகுளைச் சேர்ந்த இருவரும் வெளியிட்ட ஆய்வில், வெப்பத்தின் பங்கு எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாகவே இருந்தது. அவை குளிரூட்டப்பட்ட இடத்தில் இருந்த இயந்திரங்கள் என்பதையும் மறக்கக் கூடாது. அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப்படுவது வேறு இரண்டு முடிவுகள். ஆண்டுக்கு நூற்றில் எட்டு ரேம் கட்டைகள் ஒரு பிழையாவது காட்டின. ஒரு தடவை பிழை காட்டிய ரேம் மறுபடியும் காட்டுவதற்கே வாய்ப்பு மிக அதிகம். அதாவது, ரேம் பிழை அபூர்வமல்ல. வந்தால் தானாகப் போவதுமில்லை.

இதையெல்லாம் ஏன் கண்டுபிடிக்க முடிவதில்லை? நோய் ஒரே இடத்தில் இருக்கிறது, அறிகுறிகள் ஊரெல்லாம் தெரிகின்றன. இயங்குதளம் ரேமை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்துக்கொள்கிறது. 8 ஜிபி என்றால் சுமார் 21 லட்சம் பக்கங்கள். பழுதான செல் அவற்றில் ஒரே ஒரு பக்கத்தில் இருக்கலாம். இன்று அந்தப் பக்கம் போட்டோஷாப்புக்குக் கிடைத்தால் போட்டோஷாப் மூடிக்கொள்ளும். நாளை அது கூகுள் குரோமுக்குப் போனால் குரோம் தாவல் ஒன்று செத்துப்போகும். விண்டோஸின் கருப்பகுதிக்கே போனால் நீலத் திரை. ஒரு நாள் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று எழுதியிருக்கும், மறுநாள் 'பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா' என்று இருக்கும், அதற்கடுத்த நாள் எதுவும் எழுதாமல் ரீஸ்டார்ட் ஆகும். தினம் ஒரு காரணம் சொல்லும் கணினியைத்தான் ரேமுக்காக முதலில் சந்தேகிக்க வேண்டும். ஒரே மென்பொருள், ஒரே இடம், ஒரே பிழைச் செய்தி என்றால் அது பெரும்பாலும் மென்பொருள் சிக்கல். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

நின்றுபோகும் கணினியாவது தன் நோயைச் சொல்லிவிடுகிறது. நிற்காமல் ஓடும் கணினி செய்யும் தவறுதான் எனக்கு அச்சம் தருகிறது. யுனிகோடில் 'ர' எழுத்தின் எண் 2992. 'ற' எழுத்தின் எண் 2993. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பிட் வித்தியாசம். 'ஆற்றின் கரை' என்று தட்டச்சு செய்து சேமித்த ஆவணத்தில் அந்த ஒரு பிட் புரண்டால் 'ஆற்றின் கறை' என்று அச்சாகும். எழுத்துப் பிழை என்று தட்டச்சு செய்தவரைத் திட்டுவோம். எண்களில் இது இன்னும் மோசம். 1 என்ற இலக்கத்தின் குறியீடு 49, 9-இன் குறியீடு 57. இங்கேயும் ஒரு பிட்தான். ஆயிரம் ஒன்பதாயிரமாகிவிடும், எந்த எச்சரிக்கையும் வராது. பட்டா எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் தட்டச்சாகும் இடங்களில் ஒரு பழுதான ரேம் இருப்பது சின்ன விஷயமல்ல.

இப்படி ஒன்று உலகறிய நடந்திருக்கிறது. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பீக்கில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு எண்ணிக்கையில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அவருக்குக் கிடைத்திருக்கவே முடியாத அளவு வாக்குகள் என்பதால்தான் அது அகப்பட்டது. 4,096 என்பது இரண்டின் பன்னிரண்டாம் அடுக்கு. பதின்மூன்றாவது பிட் ஒன்று 0-இலிருந்து 1-ஆகப் புரண்டால் சரியாக அந்த எண்தான் கூடும். மென்பொருளில் பிழை அகப்படவில்லை. விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள் தாக்கியிருக்கலாம் என்பதே மிஞ்சிய விளக்கம்.

விண்வெளித் துகள் என்றதும் கதை போலத் தோன்றலாம். வாடிப்பட்டிக்குத் தெற்கே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தை ஒட்டிய வடபழஞ்சியில், இந்திய நியூட்ரினோ ஆய்வுத் திட்டத்துக்காக அமைத்த 85 டன் எடையுள்ள மினி-ஐகால் என்ற கருவி, விண்கதிர்களிலிருந்து பிறந்து இந்த மண்ணில் விழும் மியூவான் துகள்களை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்துவருகிறது. நிலமட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் விழுகிறது. நம் தலையிலும் விழுகிறது, ரேமிலும் விழுகிறது. ஆனால் மியூவான் பெரும்பாலும் எதையும் கலைக்காமல் கடந்துபோய்விடும். பிட்டைப் புரட்டுவதில் பெரிய கை, அதே துகள் மழையில் சேர்ந்து வரும் நியூட்ரான்களுடையது. அவை சிலிக்கான் அணுக்கருவில் மோதிச் சிதறடிக்கும் மின்னேற்றத் துகள்கள் செல்லின் மின்னூட்டத்தைக் குலைக்கும். உயரம் கூடக்கூட நியூட்ரான் மழையும் கூடும். 2025 அக்டோபரில் ஜெட்புளூ நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 விமானம் ஒன்று நடுவானில் தானாக மூக்கைத் தாழ்த்தியது. கடும் சூரியக் கதிர்வீச்சு, விமானத்தைக் கட்டுப்படுத்தும் கணினியின் தரவைக் கெடுக்கக்கூடும் என்று நவம்பர் இறுதியில் ஏர்பஸ் அறிவித்தது. உலகெங்கும் சுமார் 6,000 விமானங்களில் திருத்தம் செய்ய வேண்டிவந்தது. இண்டிகோவும் ஏர் இந்தியாவும் அதில் அடக்கம்.

வாடிப்பட்டியில் ஒரு கணினி வாரம் மூன்று தடவை நின்றால் வானத்தைக் குற்றம் சொல்ல வேண்டாம். பூமத்திய ரேகைக்கு அருகில் பூமியின் காந்தப்புலம் விண்கதிர்களைப் பெருமளவு திருப்பிவிடுகிறது. பத்து டிகிரி வடக்கில் கிடக்கும் இந்தச் சமவெளி, இந்த விஷயத்தில் ஐரோப்பாவைவிடப் பாதுகாப்பான இடம். துகள் புரட்டிய பிட் அடுத்த தடவை எழுதும்போது சரியாகிவிடும். திரும்பத் திரும்ப வரும் தொல்லைக்குக் காரணம் பெட்டிக்குள்தான் இருக்கிறது. 1978-இல் இன்டெல் நிறுவனமும் தன் சில்லுகளில் பிட் புரள்வதைப் பார்த்துத் தேடியபோது, காரணம் வானத்தில் இல்லை, சில்லைப் பொதிந்த பீங்கானில் கலந்திருந்த கதிரியக்கப் பொருளில் இருந்தது. பழைய யுரேனியம் ஆலைக்குக் கீழே ஓடிய ஆற்றுநீரை அந்தப் பீங்கான் தொழிற்சாலை பயன்படுத்தியதே மூலம்.

நம் பெட்டிக்குள் என்னென்ன? முதலாவது, தொடர்பு முனைகள். டிடிஆர்4 ரேமில் 288 முனைகள், லேப்டாப் ரேமில் 260. ஒவ்வொன்றிலும் மெல்லிய தங்கப் பூச்சு. நெடுஞ்சாலைத் தூசியும் மழைக்கால ஈரமும் ஸ்லாட்டுக்குள் படிந்தால் ஏதாவது ஒரு முனையில் தொடர்பு விட்டு விட்டு வரும். பவர் போட்டதும் நீளமாகப் பீப் அடித்துக்கொண்டே இருக்கிற கணினிகளில் கணிசமானவை இந்த வகை. "ரேமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்ச்சு மாட்டு" என்ற கைவைத்தியம் அதனால்தான் பல நேரம் பலிக்கிறது. அதை நான் குறைசொல்ல மாட்டேன். மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்க்க வேண்டும், தங்கம் உரியும்படி அழுத்தக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் கிடைத்தால் அது இன்னும் நல்லது. ஸ்லாட்டை வாயால் ஊதக் கூடாது, எச்சில் ஈரம் போய் உட்காரும். பவர் வயரைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் கழற்றி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்க வேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் ஒரு ரேமைக் கொன்றுவிடப் போதும்.

இரண்டாவது, கலப்படம். ஏற்கெனவே 4 ஜிபி இருக்கிறது, வேகம் போதவில்லை என்று சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ மதுரையிலிருந்தோ பழைய 4 ஜிபி ஒன்றை வாங்கி மாட்டுகிறோம். வேறு நிறுவனம், வேறு வேகம், வேறு ஆண்டு. ரேம் ஒவ்வொன்றிலும் எஸ்பிடி என்று ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. தன் வேகம், தாமதங்கள், தேவையான மின்னழுத்தம் எல்லாம் அதில் எழுதியிருக்கும். கணினியைத் துவக்கும் பயாஸ் நிரல் இரண்டையும் படித்து, இரண்டுக்கும் பொதுவான மெதுவான கணக்கில் ஓட்டப் பார்க்கிறது. பல நேரம் ஒத்துப்போகும். ஒத்துப்போகாதபோது இரண்டு ரேமும் தனித்தனியே நல்லவை, சேர்ந்தால்தான் தொல்லை. 1.35 வோல்ட்டில் மட்டுமே ஓடும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் டிடிஆர்3 ரேமைச் செருகுவதும் இந்தக் கணக்கில் வரும். வடிவம் ஒன்றே என்பதால் உள்ளே போய்விடும், வேலை மட்டும் நடக்காது. தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு ரேம் கூட்ட நினைப்பவர்கள் இந்த மின்னழுத்தத்தை முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் புதுக் கணினி வாங்குபவர்களைப் பிடிக்கும் கண்ணி. ரேம் வந்த அட்டையில் வேகம் 3200 என்றோ 3600 என்றோ போட்டிருக்கும். பெட்டிக்கு வந்ததும் அது தானாக அந்த வேகத்தில் ஓடாது, 2133, 2666 போன்ற அடக்கமான வேகத்தில்தான் தொடங்கும். அட்டையிலுள்ள வேகம் வேண்டுமென்றால் பயாஸில் போய் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். இயக்கியதும் மின்னழுத்தம் பெரும்பாலும் 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்குப் போகிறது. 3200 வேகத்தில் ஒரு பிட் கம்பியில் நிற்கும் நேரம் ஒரு நானோசெகண்டில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்த நேரத்தில் ஒளியே ஒன்பது சென்டிமீட்டர்தான் போகும். ரேம் தாங்கினாலும் மதர்போர்டு தாங்க வேண்டும், பிராசசருக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்றும் தாங்க வேண்டும். நான்கு ஸ்லாட்டிலும் ரேம் நிரம்பியிருந்தால் தாங்குவது இன்னும் கடினம். கேம் ஆடும் பையன்களின் கணினியில் வரும் விவரமில்லாத கிராஷ்களில் இதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும். எக்ஸ்எம்பியை அணைத்துப் பார்ப்பதற்குக் காசும் செலவில்லை, கழற்ற வேண்டியதும் இல்லை.

ஆகவே சோதனையைப் பயாஸிலிருந்து தொடங்குங்கள். எல்லா அமைப்பையும் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, எக்ஸ்எம்பி இல்லாமல் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். தொல்லை நின்றால் பழுது ரேமில் இல்லை, வேகக் கணக்கில். நிற்காவிட்டால் மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்க வேண்டும். கிறிஸ் பிரேடி 1994-இல் எழுதிய இதன் சிறப்பு, விண்டோஸ் இல்லாமல் தனியே ஓடுவது. அதனால் ஏறக்குறைய முழு ரேமையும் தொட்டுச் சோதிக்கிறது. எல்லாச் செல்லிலும் 0 எழுதிப் படிக்கும், 1 எழுதிப் படிக்கும், ஒரே ஒரு 1-ஐ வரிசையாக நகர்த்திப் பார்க்கும், பக்கத்துச் செல்களில் எழுதிவிட்டு இந்தச் செல் கலைந்ததா என்று பார்க்கும். பக்கத்துச் செல் சோதனை வெற்று விவரமல்ல. ஒரு வரிசையை லட்சக்கணக்கான தடவை வேகமாகத் தட்டினால் அடுத்த வரிசையின் பிட்டுகள் புரளும் என்பதை 2014-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கடைகளில் விற்ற ரேம்களிலேயே காட்டினார்கள்.

ஒரு சுற்று முடிந்து பச்சை எழுத்து வந்ததும் நிறுத்திவிடாதீர்கள். இரவு கடை மூடும்போது ஓடவிட்டு, காலையில் பாருங்கள், யூபிஎஸ் இருந்தால் நல்லது. பிழை என்று ஒன்றே ஒன்று வந்தாலும் அது பழுதுதான், "ஒண்ணுதானே" என்று விட்டுவிடக் கூடாது. வந்தால் ரேமை ஒவ்வொன்றாகத் தனியே, ஒரே ஸ்லாட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். பிழை ரேமோடு சேர்ந்தே நகர்ந்தால் ரேம் பழுது. எந்த ரேமை வைத்தாலும் ஒரே ஸ்லாட்டில் வந்தால் மதர்போர்டு. எல்லா ரேமும் எல்லா ஸ்லாட்டிலும் பிழை காட்டினால் மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்-ஐயும் பிராசசர் சாக்கெட்டில் வளைந்த ஊசிகளையும் பார்க்க வேண்டும். நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்று பிராசசருக்குள் போய்ப் பல ஆண்டாகிறது, அதனால் அங்கே ஓர் ஊசி கெட்டாலும் ரேம் கெட்டதுபோலவே தெரியும். டிடிஆர்5 கணினியில் ரேமை மாற்றியதும் சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கலாம். அது தன் கம்பிகளுக்கேற்ப நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் பயிற்சி, பதறி அணைக்கக் கூடாது.

இந்தச் சோதனை வரிசை தெரியாதவர்கள்தான் ஏமாறுவார்கள் என்றில்லை. லினக்ஸ் இயங்குதளத்தைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸின் கணினி, 2022 அக்டோபரில் நிரல்களைத் தொகுக்கும்போது தாறுமாறாகப் பிழை காட்டியது. புதிதாகச் சேர்த்த லினக்ஸ் நிரலில்தான் கோளாறு என்றே முதலில் நினைத்தார். கடைசியில் பார்த்தால் ரேம். அதற்கு முந்தைய ஆண்டுதான் அவர், சாதாரணக் கணினிகளுக்கும் பிழை திருத்தும் ரேம் தராத நிறுவனங்களைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். அவர் கோபம் நியாயமானது. ஒரு பிட் புரண்டால் அதைக் கண்டுபிடித்துத் தானே திருத்தும் வழியை பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாம்மிங் 1950-இலேயே வெளியிட்டுவிட்டார். 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாகச் சேர்த்தால் போதும். வங்கி சர்வர்களில் அந்த ரேம்தான் இருக்கிறது. சாமானியர் வாங்கும் கணினியில் மட்டும் அதைச் சேர்க்காமல் விற்கிறார்கள். பட்டாவும் சான்றிதழும் தயாராகும் இடங்களுக்காவது அரசு கணினி வாங்கும்போது ஈசிசி எனப்படும் இந்தப் பிழை திருத்தும் ரேமைக் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பழுதான ரேமைத் தூக்கிப்போடும் முன் பில்லைத் தேடுங்கள். பல நிறுவனங்கள் ரேமுக்கு நீண்ட கால உத்தரவாதம் தருகின்றன, மெம்டெஸ்ட் திரையைப் படம் எடுத்துக் காட்டினால் பேச்சு சீக்கிரம் முடியும். பல மெல்லிய லேப்டாப்களில் ரேம் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பதால் மாற்ற வழியில்லை. அங்கே பிழை வரும் முகவரிகள் சிலதான் என்றால், அவற்றைத் தொடாதே என்று விண்டோஸின் துவக்க அமைப்பிலோ லினக்ஸின் துவக்க வரியிலோ எழுதிவைக்கலாம். இயங்குதளம் அந்தப் பக்கங்களை ஒதுக்கிவிட்டு மீதியில் ஓடும். ஒரு மாதம் கழித்து மறுபடியும் ஓர் இரவுச் சோதனை ஓட்டிப் பாருங்கள். அதே முகவரிகள் மட்டும் வந்தால் அந்த லேப்டாப்பை இன்னும் சில காலம் படிப்புக்குப் பயன்படுத்தலாம். புது முகவரிகள் சேர்ந்துகொண்டே போனால் முக்கியமான கோப்பு எதையும் அதில் வைக்காதீர்கள்.